பதினெட்டுப் பிள்ளையார் சோபா

சோபா விற்கிறவர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். எந்த மரம், எந்தத் துணி, எந்த நாட்டுக்காரர் மூளையில் உதித்த டிசைன், அதில் உட்கார்ந்தால் குடும்பத்தில் எவ்வளவு மகிழ்ச்சி பொங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எத்தனை அடி நீளம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒற்றை எண்ணைப் போடாததால் என் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பிவிட்டது. (இவள் மிகைப்படுத்துகிறாள் என்று நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வந்து பேசவும்.)

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். தினசரி காலண்டர் அட்டையில் சாமி படத்துக்குக் கீழே மளிகைக்கடை, நகைக்கடை, இரும்புக்கடை என்று முதலாளிகளின் பெயரைச் சாமியைவிடப் பெரிதாகத் தெரியும்படி வைப்பது என் வேலை. வீடு எம். புதுப்பட்டியில். எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல அப்பாவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர், போர்மேன். தாத்தா அடுத்தவர் காட்டில் களையெடுத்தார், அப்பா வெடிமருந்து பிடித்தார், நான் மவுஸ் பிடித்தேன். அதனால் வீட்டில் எனக்குத் தனி மரியாதை. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால்கூட, "கம்ப்யூட்டர் படிச்சவ வரட்டும்" என்று காத்திருப்பார்கள். நான் வந்து பேட்டரியைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மேதை போல நகர்ந்துவிடுவேன்.

அந்தத் தை மாதத்தில் ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர் சண்முகத்தாய் அத்தை, அப்பாவுக்குத் தங்கை முறை. மாப்பிள்ளை ஆலங்குளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பாவுக்கு சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் "சிரிங்க" என்று சொல்லியிருப்பார் போல, இவர் அதை அடக்கப் பார்த்துத் தோற்றிருந்தார். அந்தத் தோல்வி என்னை ஏதோ செய்தது. முன்பு வந்த இரண்டு வரன்களும் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள், போனவர்கள்தான். மூன்றாவதாக இதுவும் நழுவிவிடக் கூடாது என்று மனது அடித்துக்கொண்டது.

அத்தை போகிற போக்கில் ஒரு குண்டைப் போட்டார்.

"அண்ணே, அவுக குவார்ட்டர்ஸ்ல இருக்கிறவுக. வீட்டுல சோபா கெடக்கு. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு முட்டிவலி வேற. பாயை விரிச்சு உக்காருங்கன்னா நல்லாருக்காது. பிளாஸ்டிக் சேரும் நல்லாருக்காது. மாசி பொறக்கவும் வர்றாக. அதுக்குள்ள ஒரு சோபாவப் போட்டுருங்க."

"அதுக்கென்ன, விருதுநகர்ல போயி ரெண்டு கடை ஏறி எறங்குனா ஆச்சு" என்றார் அம்மா.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. மூன்று பேர் பஸ் ஏறிப் போய், சோபாவில் உட்கார்ந்து பார்த்து, முழம் போட்டு அளந்து, பேரம் பேசி, காப்பி குடித்துவிட்டு வந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தேன்.

"இந்தக் காலத்துல யாரும்மா கடை கடையா ஏறி எறங்குறா? எல்லாம் நெட்லயே பாத்துக்கிரலாம். ஆர்டர் போட்டா வீடு தேடி வந்துரும்."

அப்பா என்னைப் பெருமையோடு பார்த்தார். "புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரஸ்ஸில் நெட் கனெக்‌ஷன் இருந்த ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சென்னையில் உள்ள ஒரு பெரிய கடையின் வெப்சைட். (பெயர் வேண்டாம். இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் அளவு போடுவதில்லை.) படம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். முதலில் ஒரு கூரை விளக்கு வந்தது. பிறகு ஒரு பெண்ணின் தலை, நெற்றி, புன்னகை, கையில் ஒரு கப். சோபா வர வேண்டிய நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தேன். கூடப்பிறந்தவள் போல ஆகிவிட்டாள்.

ஒருவழியாகச் சோபா முழுசாக இறங்கியபோது அடுத்த தொல்லை தொடங்கியது. சும்மா சோபா என்று கிடையாதாம், ரேஞ்ச் ரேஞ்சாக இருக்குமாம். ஒரு ரேஞ்ச்சுக்குப் பூவின் பெயர், ஒன்றுக்கு வெளிநாட்டு ஊரின் பெயர், ஒன்றுக்கு யாரோ துரைசாணியின் பெயர். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் எல்லாம் அதே சோபா. துணியின் நிறம் மட்டும் வேறு. ஒரே வெடிக்கு ஆறு லேபிள் ஒட்டி ஆறு விலைக்கு விற்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். என்னிடமேவா?

சரி, நிறம் எதுவாக இருந்தால் என்ன, அளவைச் சொல்லுங்கள் என்று "அளவுகள்" என்ற பட்டனை அமுக்கினேன். ஒரு பக்கம் திறந்தது. "எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் வசதியான அளவு" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் எப்படி ஐயா பொருந்தும்? எங்கள் ஹால் பன்னிரண்டுக்குப் பத்தடி. அதிலேயே டிவி, அரிசி மூட்டை, சைக்கிள் எல்லாம் குடியிருக்கின்றன. இந்தச் சோபாவை வடிவமைத்தவர் எங்கள் அரிசி மூட்டையை வந்து பார்த்தாரா?

இன்னொரு மூலையில் 84 x 35 என்று சிறிய எழுத்தில் இருந்தது. அங்குலமா, சென்டிமீட்டரா, கடவுளுக்கே வெளிச்சம். அங்குலம் என்றால் ஏழடிச் சோபா. சென்டிமீட்டர் என்றால் எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டி படுக்கலாம். அதற்குப் பக்கத்தில் 3+1+1 என்று ஒரு கணக்கு. கூட்டினால் ஐந்து. ஐந்து என்ன? அடியா, ஆளா, காலா? (மூவர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை ஆள் சோபா இரண்டு என்று பிறகு புரிந்தது. அதை அப்படியே எழுதினால் கை உடைந்துவிடுமா?)

கொடுத்திருந்த நம்பருக்குப் போன் போட்டேன். என் காசில் எனக்கே நெடுநேரம் வீணை வாசித்தார்கள். அதன் பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"சோபா என்ன அளவுங்க?"

"ஸ்டாண்டர்டு சைஸ் மேடம்."

"ஸ்டாண்டர்டுன்னா எம்புட்டு?"

"நார்மல் மேடம்."

"நார்மல்னா எம்புட்டும்மா?"

"ஸ்டாண்டர்டு மேடம்."

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் அன்றைக்கு ஓர் இரும்புக்கடை முதலாளியின் பெயரை முருகனின் தோகை விரித்த மயிலைவிடப் பெரிதாக வைத்துவிட்டேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது வேறு விஷயம்.

அங்குலமாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். ஆனாலும் பயம். பிரஸ்ஸில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்க்ரீனில் தெரிவதை நம்ப மாட்டோம். உள்ளபடியான அளவில் ஒரு தாள் அடித்து, மேஜையில் விரித்து, கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். அளவு தெரியாத சோபாவுக்கும் அதையே செய்தால் என்ன? தாளில் ஒரு சோபா செய்து ஹாலில் விரித்துப் பார்த்துவிடலாம். அந்த நிமிஷம் நான் என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

காலண்டர் சீசன் முடிந்த சமயம். பைண்டிங்கில் வேஸ்ட் ஷீட் மலை மாதிரிக் கிடந்தது. அங்கே வேலை பார்த்த அண்ணனிடம் ஒரு கட்டுக் கேட்டேன்.

"எதுக்குத்தா?"

"சோபா பண்ணண்ணே."

அவர் ஒரு கட்டு உருவினார். சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மெயின்டனன்ஸ் என்று நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, பிரஸ்ஸும் இல்லை. அப்பா கம்பெனிக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடை வரிசையில். நைட்டி, தோளில் ஒரு துண்டு, கழுத்தில் தையல்காரர் டேப்பு, காதில் ஸ்கெட்ச் பேனா என்று நான் களத்தில் இறங்கினேன். சைக்கிளும் மூட்டையும் வாசலுக்குப் போயின. கட்டைப் பிரித்தால் அத்தனையும் பிள்ளையார். இருபதுக்கு முப்பது அங்குலத் தாளில், ஆளுக்கொரு பிள்ளையார். சிவப்பு மை விலகி அடித்ததால் ஒவ்வொருவருக்கும் நான்கு கண்கள். அதனால்தான் வேஸ்ட்.

நான் பெரிய பக்தை இல்லை. கோயிலுக்குப் போனால் சுண்டலில்தான் கண் இருக்கும். ஆனாலும் பிள்ளையார் தும்பிக்கையில் கத்தரிக்கோல் வைக்க எனக்கே கை வரவில்லை. ஒருவர் தலைமேல் இன்னொருவர் கால் வரும்படி அடுக்கவும் மனசு வரவில்லை. ஆகவே முழு முழுத் தாளாகவே வைக்க வேண்டியதாயிற்று. எண்பத்து நாலு அங்குலச் சோபா நூறு அங்குலம் ஆனது. முப்பத்தைந்து அங்குல அகலம் அறுபதானது. ஒற்றைச் சோபாக்களும் அதே போல ஊதின. சாமியை வெட்டக் கூடாது என்பதற்காகச் சோபா வளர்ந்துகொண்டே போனது. மொத்தம் பதினெட்டுப் பிள்ளையார். பார்க்கச் சங்கடமாக இருந்ததால் அத்தனை பேரையும் குப்புறத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்தேன். சுருட்டி வைத்த தாள் என்பதால் ஓரம் ஓரமாகச் சுருண்டது, செங்கல் எடுத்து வைத்தேன். வாசலில் ஆரம்பித்து எதிர் மூலை வரை விரித்துக்கொண்டே போய், அந்த மூலையில் நின்று பெருமையோடு பார்த்தேன். வாசலை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை மட்டும் மிச்சம் இருந்தது.

அம்மா பையோடு உள்ளே வந்தார்.

"என்னத்தா இது, வீடு முச்சூடும் பேப்பரு?"

"சோபாம்மா."

"சோபாவா?" அம்மா குனிந்து ஒரு தாளைத் தூக்கினார். நான்கு கண்களால் பிள்ளையார் அம்மாவைப் பார்த்தார்.

"அடிப்பாவி! பிள்ளையாரக் குப்புறப் போட்டு அது மேல ஏறி நிக்கிறியே!"

"வெள்ளைப் பக்கந்தாம்மா மிதிச்சேன்..."

"முதுகுன்னா மிதிக்கலாமாக்கும்?"

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாக நிமிர்த்த ஆரம்பித்தார். எனக்குக் கீழே இருந்ததையும் உருவி, நிமிர்த்தி, தள்ளி வைத்தார். இப்போது என்னைச் சுற்றி நான்கு கண் பிள்ளையார்கள், எனக்கு இரண்டு பாதம் வைக்கத் தரை. ஒரு காலைத் தூக்கினேன்.

"அசைஞ்சே, காலை ஒடிச்சுப்புடுவேன். அங்கனயே நில்லு."

பிறகு அம்மாவின் பார்வை செங்கல்மேல் விழுந்தது. "சாமி தலையில செங்கலா!" செங்கல்கள் வெளியே போயின. தாள்கள் சுருண்டன. செங்கல் இருந்த இடங்களில் குத்துவிளக்கு, தண்ணீர்ச் செம்பு, தேங்காய், சந்தனக் கிண்ணம், ரேஷன் கடைக்குப் போன வழியில் வாங்கிய வாழைப்பழச் சீப்பு எல்லாம் வந்து உட்கார்ந்தன.

"எடுத்துருவோம்மா" என்றேன்.

"சும்மா எடுக்கவா? ஒரு சூடத்தக் காட்டி, மன்னிச்சுக்கப்பான்னு கேட்டுட்டுத்தான் எடுக்கணும்."

விளக்கை ஏற்றினார். சூடத்தைக் கொளுத்தினார். அம்மா சூடத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் சண்முகத்தாய் அத்தையின் குரல் கேட்டது.

"மதினி, ஆரு வந்திருக்காகன்னு பாருங்க!"

சிவகாசியில் ஒரு காதுகுத்துக்கு வந்தவர்கள், இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, அப்படியே பெண்ணையும் எட்டிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டார்களாம். அத்தை அப்பாவின் செல்லுக்கு அடித்துப் பார்த்தாராம். பட்டாசுக் கம்பெனிக்குள் செல் கொண்டுபோக முடியாது. அது கேட்டில் வாட்ச்மேன் டப்பாவில் மற்ற செல்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்திருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் நுழைந்தார். பதினெட்டுப் பிள்ளையாரையும், விளக்கையும், தேங்காயையும், மூலையில் அசையாமல் நின்ற என்னையும் பார்த்தார். பட்டென்று செருப்பை உதறிவிட்டு, அந்த ஒற்றையடிப் பாதையில் விழுந்து கும்பிட்டார். அவர் பின்னால் மாப்பிள்ளையின் அப்பா, அவர் பின்னால் போட்டோவில் சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

"என்ன பூசை மதினி?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

அம்மா பொய் சொல்லிப் பழகாதவர். "அது வந்து... பிள்ளையார்..." என்று இழுத்தார். அத்தைக்கு அந்தக் குறை கிடையாது. கண்ணாலேயே ஒரு எண்ணு எண்ணினார்.

"பதினெட்டுப் பிள்ளையார் பூசைல்ல! எங்க அண்ணன் மக மாரி வருசா வருசம் செய்யிறது."

"புள்ள ஏன் அங்கன நிக்குது?"

"பூசை முடியிற வரைக்கும் எடத்த விட்டு அசையக் கூடாது."

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசவும் கூடாது" என்றார் அத்தை.

வாயை மூடிக்கொண்டேன். நைட்டியும், கழுத்தில் டேப்புமாக, மூலவர் போல நின்றேன். எந்த நாளுக்காகப் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தேனோ, அந்த நாள் இப்படி வந்து நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியது. "பக்தி" என்று மாப்பிள்ளையின் அம்மா தழுதழுத்தார்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், முட்டிவலிக்காரருக்கு உட்கார இடமில்லை. பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்த அம்மா, அதன் கால்களை எந்தப் பிள்ளையார் மேல் வைப்பது என்று தெரியாமல் அப்படியே திருப்பி எடுத்துப் போனார். யார் உட்கார வேண்டும் என்று இத்தனை கூத்தும் நடந்ததோ, அந்த மனிதர் சோபாவுக்கு முன்னாலேயே நின்றபடி காப்பி குடித்தார். "இருக்கட்டும் தாயீ, சாமி காரியம்" என்று அம்மாவைத் தேற்றவும் செய்தார்.

மாப்பிள்ளை மட்டும் கும்பிடவில்லை. குனிந்து தாளின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே மை சரிபார்க்கும் கலர்க் கட்டங்கள் வரிசையாக இருந்தன. பிள்ளையாரின் கண்களைப் பார்த்தார். என் கழுத்து டேப்பைப் பார்த்தார். காதிலிருந்த ஸ்கெட்ச் பேனாவைப் பார்த்தார். சட்டென்று கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, சூடப் புகை ஒத்துக்கொள்ளாதவர் போல இருமினார். தோள் குலுங்கியது. இந்த ஆள் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "புகைதான், வேற ஒண்ணும் இல்ல" என்றார். அந்த நிமிஷத்தில் நான் முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவரைத்தான்.

"இப்பேர்ப்பட்ட புள்ளைய எங்க போயித் தேடுறது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. தலையிலிருந்த பூவை எடுத்து என்னிடம் கொடுக்க முடியாமல், நடுவில் பிள்ளையார் இருந்ததால், அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சோபா பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் சம்பளத்தோடு வந்த அப்பாவிடம், சம்மதம் என்று அத்தை போனில் சொன்னார். அப்பா என்னைத் தட்டிக்கொடுத்தார். "நெட்லயே முடிச்சுப்புட்டியே" என்றார்.

ஆனாலும் எனக்கு ரோஷம். திங்கட்கிழமை மறுபடி அந்த வெப்சைட்டைத் திறந்தேன். ரேஞ்ச், துணி, நிறம், பெயர், அப்பா பெயர் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் பின்கோடு கேட்டது. கொடுத்தேன். மன்னிக்கவும், உங்கள் பகுதிக்கு டெலிவரி இல்லை என்றது. அதை முதல் பக்கத்திலேயே கேட்டால் என்ன? வாசலில் நிற்கும்போதே "இங்க சாப்பாடு இல்லை" என்று சொல்வது மரியாதை. இலை போட்டு, உட்கார வைத்து, தண்ணீர் தெளிக்கச் சொல்லி, அப்புறம் சொல்வது என்ன பழக்கம்?

கல்யாணம் நடந்தது. ஆலங்குளம் முழுக்க என் பக்தியின் புகழ் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. என் மாமியார் நல்லவர். நல்லவர் என்பதுதான் கஷ்டம். மாசாமாசம் சதுர்த்தி விரதம், வெள்ளிக்கிழமை விளக்கு, தெருவில் யார் வீட்டில் என்ன பூசை என்றாலும் "எங்க மருமகளக் கூப்பிடுங்க, பதினெட்டுப் பிள்ளையார் வச்சுக் கும்பிட்டவ." சுண்டலுக்காகக் கோயிலுக்குப் போனவள், இப்போது பிறருக்குச் சுண்டல் அவித்துக் கொடுக்கிறேன். உண்மையைச் சொல்லலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். அவர் என் தலையைத் தடவி, "நீ வந்த பெறகுதான் வீடு வெளங்குச்சு" என்பார். நான் சுண்டலுக்கு ஊறப்போடப் போய்விடுவேன்.

எல்லாம் தெரிந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் அடி, அங்குலம் எல்லாம் அவரால் ஒழிந்துபோயின. பீரோ வாங்கப் போனால் கடைக்காரர் முன்னாலேயே என் காதில், "எத்தனை பிள்ளையார் அகலம்?" என்பார். பிரிட்ஜ் ஒன்றரைப் பிள்ளையார். எங்கள் கட்டில் நாலுக்கு மூணு. மகள் பள்ளிக்கூடத்தில் மேஜையின் நீளத்தை இப்படிச் சொல்லிவிட்டு டீச்சரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

போன வாரம் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் செல்லில் ஒரு சோபாவைக் காட்டினாள். படம் சுழல்கிறது, துணி நிறம் மாறுகிறது, விரலால் இழுத்தால் நம் ஹாலிலேயே வைத்துக் காட்டுகிறது. அளவு எங்கே என்று தேடினேன். "எல்லா வீடுகளுக்கும் பொருந்தும்" என்று இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும்! நான் ஆத்திரத்தில் கத்த, வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே, "விடு, நம்ம பிள்ளையார்லயே அளந்துக்கிருவோம்" என்றார்.

உள் அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ஆரு, பிள்ளையாருங்கிறது? ஆத்தீ, இன்னைக்குச் சதுர்த்தில்ல! மாரி, மீனத் தொட்டுறலையே?"

பொரித்த வஞ்சிரத் துண்டு என் வாய்க்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

"இல்லத்தே" என்றேன். வீட்டுக்காரர் அந்தத் துண்டுக்குத் தன் தட்டை நீட்டினார்.